மாமரத்து மேஸ்திரி

மரம் வெட்டுகிற காத்தான் கோடாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொல்லைக்குப் போவதை அம்சம் பார்த்துவிட்டாள். அவனுக்குப் பின்னால் வடக்கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கிரி போனான். பக்கிரி அவளுடைய கொழுந்தன். செத்துக்கிடப்பவருக்கு ஒரே தம்பி, சாயங்காலம் கொள்ளி வைக்கப்போகிறவன்.

செத்துக்கிடப்பவர் அவள் புருஷன் வைரக்கண்ணு. காலையில் ஏழரை மணிக்கு உயிர் போனது. இப்போது மணி பதினொன்று. கூடத்தில் பெஞ்சு போட்டு, தெற்கே தலைவைத்துக் கிடத்தி, தாடையைச் சேர்த்துக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் முடிந்து, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசையும் ஒட்டியாகிவிட்டது. தலைமாட்டில் அம்சம் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ, நெற்றி நிறையக் குங்குமம். இன்னும் சில மணி நேரத்துக்குத்தான் அதெல்லாம். அங்கிருந்து பார்த்தால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். கதவுக்கு அப்பால் கிணற்றடி, துணிக்கொடி, அதற்கும் அப்பால் மாமரம்.

"எதுக்குக்கா கோடாலி?" என்று பக்கத்திலிருந்த அஞ்சம்மாவைக் கேட்டாள்.

அஞ்சம்மா அந்தத் தெருவில் ஒப்பாரிக்குப் பேர்போனவள். மூன்று பாட்டு முடித்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். "எதுக்கா? கட்டைக்குத்தான். ஒங்க மாமரத்துல அந்தக் காஞ்ச கிளை சும்மாத்தானே நிக்கிது. மொதல்ல அதை எறக்குவாங்களாம், பத்தலன்னா பச்சையில ரெண்டு கழிப்பாங்களாம். ஒனக்கெதுக்குடி அந்த விசாரணையெல்லாம்?"

அந்தக் காய்ந்த கிளையில்தான் மரங்கொத்தியின் பொந்து இருந்தது. பொந்துக்குள் குஞ்சுகள் இருந்தன.

அந்த ஊரில் அது வழக்கம். சொந்தக் கொல்லையில் நிற்கிற மரத்தில் ஒரு கிளையாவது சிதையில் சேர வேண்டும். பாபநாசம் விறகுக் கடை மூன்று மைல்தான். ஆனாலும் அந்தத் தெருவில் யாருக்கும் அங்கேயிருந்து வண்டி வந்ததில்லை. வந்தால், "என்னா, நாதியத்த பொணமா, கடை விறகுல வேவ?" என்று ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். சொந்த மரம் வைக்காவிட்டால் நெஞ்சாங்கட்டை வேகாது என்று கிழவர்கள் சத்தியமே செய்வார்கள். அதனால் பக்கிரி செய்வதில் ஒரு குற்றமும் இல்லை. அண்ணனுக்குச் செய்யவேண்டியதைத்தான் செய்தான்.

ஆனால் குஞ்சுகள் இருக்கின்றனவே.

புருஷன் பிணமாகக் கிடக்கும்போது தலைமாட்டை விட்டு எழுந்துபோய், "மரத்த வெட்டாதீங்க, பறவக்குஞ்சு இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் ஊர் சும்மா விடுமா? வழித்துக்கொண்டு சிரிக்கும். ஏற்கெனவே அவள் அழவில்லை என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக் கதறியபோது அவளும் வாயைத் திறந்தாள், சத்தம்தான் வரவில்லை. உளுந்து பறித்த கையோடு வயலிலிருந்து வந்த இரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கல்லு மாதிரி ஒக்காந்துருக்கா பாரேன்" என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

வைரக்கண்ணு தொண்ணூற்றிரண்டில் சிங்கப்பூர் போனவர். அப்பன் பாட்டன் காலமெல்லாம் அடுத்தவன் வயலில் நாற்றுப் பறித்த குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள். கட்டட வேலை. பத்து வருஷத்தில் நாலே தடவைதான் ஊருக்கு வந்தார். மகள் பூவிழி வயதுக்கு வந்ததைக் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அந்தப் பத்து வருஷத்தில் கீற்றுக் கூரை போய்த் தளம் போட்ட வீடு வந்தது. பூவிழி தஞ்சாவூரில் நர்சுப் படிப்பில் சேர்ந்தாள். பதினோராவது வருஷம் ஆரம்பிக்கும்போது சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாலு பேர் தூக்கிவந்து கூடத்துக் கட்டிலில் போட்டார்கள். கட்டிலைக் கொல்லைப்புற ஜன்னலோரம் தள்ளிப்போட்டது அம்சம்தான், காற்று வருமே என்று.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பத்து வருஷம் போக, திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். அவருக்கு அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. சாப்பிட்டீங்களா, வலிக்குதா, திருப்பிப் படுக்கவைக்கவா என்பதோடு நாள் ஓடிவிடும். முதுகில் புண்ணுக்கு மருந்து தடவும்போது இரண்டு பேரும் வாயே திறக்க மாட்டார்கள்.

போன தை மாசம் திடீரென்று ஒருநாள் கேட்டார்.

"அம்சம், அங்க நா வேல செஞ்ச ஒரு பங்களாவுல, கொல்லையில கம்பு நட்டு அதுமேல ஒரு தட்டு வச்சிருப்பாங்க. பறவைக்கு. அந்த வூட்டம்மா காலையில பழத்த நறுக்கி வச்சிட்டு, ஜன்னலோரமா ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டே பாக்கும். நம்மளும் வச்சா என்னா?"

"நம்ம வூட்டுல மனுசனுக்கே பழத்தக் காணோம்."

"அழுவுன வாழப்பழம் போதும்டி."

"அழுவுன பழத்துக்கு எறும்புதான் வரும். தொரைக்கு வெள்ளக்காரன் நெனப்பு."

திட்டினாளே தவிர, மறுநாள் துணிக்கொடிக் கம்பத்தில் ஒரு பழைய அலுமினியத் தட்டை ஆணி வைத்து அடித்துவிட்டாள். அவள் சொன்னபடியே பழத்துக்கு எறும்புதான் வந்தது. அப்புறம் அணில் வந்தது, நாலு மைனா வந்து சண்டைபோட்டது. ஒரு வாரம் கழித்து எறும்பைத் தின்ன மரங்கொத்தி வந்தது. முதுகு மஞ்சளாகப் பளபளக்க, தலையில் சிவப்புக் கொண்டையோடு கம்பத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி எறும்பை எடுத்தது. வைரக்கண்ணு சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சிரித்து அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"பாத்தியா, நீ கூப்புட்ட எறும்புக்கு விருந்தாளி வந்துட்டாரு. எங்க சைட்டு மேஸ்திரியும் இப்புடித்தான். செவப்புத் தொப்பிய மாட்டிக்கிட்டு நாள் முழுக்கச் சொவத்தத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

அன்றிலிருந்து அது மேஸ்திரி ஆயிற்று. நெற்றி கறுத்து வெள்ளைப்புள்ளி வைத்த பெட்டை, மேஸ்திரியம்மா. மாமரத்துக் காய்ந்த கிளையில் இரண்டும் பொந்து குடைய ஆரம்பித்தன. மாசியில் முட்டை, பங்குனியில் குஞ்சு. குஞ்சுகள் பொந்துக்குள்ளிருந்து கத்துவது கூடம் வரைக்கும் கேட்கும். வைரக்கண்ணு விடிந்ததிலிருந்து அந்தி வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

"ராவுல குஞ்சோட யாரு படுக்குறா தெரியுமா? மேஸ்திரிதான். அந்தம்மா வேற எங்கயோ போய்த் தங்கிட்டு வெள்ளனா வருது. இவன்தான் உள்ள கெடக்குறான்" என்றார் ஒருநாள்.

"சரி, அதுக்கென்னா இப்ப?"

"நா பத்து வருசம் ராவுல எங்க படுத்துக் கெடந்தேன்னு நெனச்சேன்."

"அதுக்காவப் பறவையப் பாத்துப் பொறாமையா?"

"பொறாமைதான்" என்றார். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். அம்சத்துக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. கட்டியவள் ஒருத்தி இங்கே பீத்துணி அலசிக்கொண்டிருக்கிறாள், இவர் மரங்கொத்தி குடும்பத்துக்குக் கவலைப்படுகிறார் என்று பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

இப்போது கதவு வழியாகப் பார்த்தாள். காத்தான் இன்னும் வெட்டத் தொடங்கவில்லை. கிளை பக்கத்து மனையில் பக்கிரியின் மாட்டுக்கொட்டகைக்கு மேல் சாய்ந்திருந்தது. வெட்டினால் கொட்டகைமேல் விழாமல் இந்தப் பக்கம் இழுக்கக் கயிறு கட்டவேண்டும். ஏணியைத் தேடி யாரோ ஓடினார்கள். ஏணி வரும் வரைக்கும்தான் நேரம்.

பூவிழி தஞ்சாவூரிலிருந்து பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கி, அழுது அழுது முகம் வீங்கி, அப்பாவின் காலடியில் சுருண்டு கிடந்தாள். அம்சம் அவள் தோளைத் தொட்டுக் காதோடு சொன்னாள்.

"சித்தப்பாகிட்ட போய்ச் சொல்லு. அந்தக் கிளையில குஞ்சு இருக்கு. அத வுட்டுட்டுப் பச்சக் கிளைய வெட்டிக்கட்டும்."

பூவிழி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா சொல்ற?"

"போடி. சொல்லிட்டு வா."

போனாள். போன சுருக்கில் திரும்பியும் வந்தாள். முகம் சிறுத்துப்போயிருந்தது. "'அப்பன் செத்துக் கெடக்கான், ஒனக்குக் குருவிக்குஞ்சு கேக்குதா, உள்ள போ'ன்னு எல்லாருக்கும் முன்னாடி கத்துறாரு. நீ சொன்னேன்னு நா சொல்லல. வுடும்மா, இப்பப் போயி..."

"பச்சக் கிளைய வெட்டினா என்னவாம்?"

"பச்சை மட்டும் வச்சா நின்னு எரியாதாம். காஞ்சது கண்டிப்பா வேணுமாம். வெளக்கு வைக்கிறதுக்குள்ள முடிச்சாவணுமாம்."

ஏணி வந்துவிட்டது. காத்தான் அதை மரத்தில் சாய்த்து, காலால் மிதித்துப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வாய் நிறையத் தீனியோடு வந்து கிளையில் ஒட்டியது. ஆளைக் கண்டதும் 'கிர்ர்ர்' என்று கத்திக்கொண்டு பக்கிரி வீட்டுத் தென்னைக்குத் தாவிற்று. அங்கேயே தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிற்று. பொந்துக்குள் சத்தம் அடங்கிவிட்டது. பெரிய பறவை கத்தினால் குஞ்சுகள் மூச்சுக் காட்டாமல் கிடக்கும் என்று வைரக்கண்ணு சொல்லியிருக்கிறார். அவ்வளவு உயரத்திலிருந்து கிளை விழுந்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. இன்னும் ஐந்தாறு நாளில் பறந்துவிடும் என்று நேற்றுத்தான் விரல்விட்டு எண்ணினார். படுபாவிகள், ஐந்தாறு நாள் பொறுக்கக் கூடாதா? ஆனால் பிணம் பொறுக்காதே.

அம்சம் அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டிய துணிக்குள் வாய் அழுந்திக் கிடந்தது.

சாவு வீட்டில் பொம்பளை எதை வேண்டுமானாலும் சொல்லலாம், பாட்டாகச் சொன்னால் போதும். மாமியார் படுத்திய பாடு, பிறந்த வீடு கைவிட்டது, கொழுந்தன் ஏமாற்றியது எல்லாமே ஒப்பாரியில்தான் வெளியே வரும். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அம்சம் அஞ்சம்மாவின் தோளில் கையைப் போட்டாள். அஞ்சம்மா புரிந்துகொண்டவள் மாதிரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அழுவுடி யம்மா, வாய்விட்டு அழுவு" என்று தலையைத் தலையோடு சேர்த்தாள்.

"மாமரத்து நெழலிருக்க
மகராசன் நீயிருக்க
ஏணி வச்சு ஏறுறாங்க
என் மனசு பதறுதய்யா...

காஞ்ச கிளையின்னாலும்
கைய வைக்க வேணாமின்னு
கூடப் பொறந்தவர்ட்ட
கூப்புட்டு நீ சொல்லலியே..."

மரங்கொத்தியைச் சொல்லத்தான் அவளுக்கு வரவில்லை. ஒப்பாரியில் மயிலுக்கு இடமுண்டு, குயிலுக்கு, மாடப்புறாவுக்கு இடமுண்டு. மரங்கொத்தியை எந்த அடியில் கொண்டுபோய் வைப்பது? தவிர, அதைச் சொன்னால் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் மரத்தை மட்டும் சொன்னாள். தொடாதே, தொடாதே என்று நாலு அடி சொன்னாள்.

சுவரோரம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆரம்பிச்சிட்டாப்பா" என்றது ஒரு குரல். அஞ்சம்மா மெல்லத் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அம்சத்துக்கு உறைத்தது. அந்த மாமரம் ஏற்கெனவே ஒரு வழக்கு. மூன்று வருஷத்துக்கு முன் மனையை இரண்டாகப் பிரித்தபோது சர்வேயர் நட்ட கல், மரத்துக்கு அரையடி அந்தப் பக்கம் விழுந்தது. மரம் அண்ணன் பங்குக்கு வந்துவிட்டது. பக்கிரி ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஆறு மாசம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது அண்ணன் பொண்டாட்டி பிணத்தை வைத்துக்கொண்டு மரத்தைத் தொடாதே என்று பாடினால் யாருக்கு என்ன தோன்றும்?

பக்கிரி வந்துவிட்டான். கொல்லைக் கதவில் நின்றான். வடக்கயிறு கையிலேயே இருந்தது.

"நல்லாப் பாடுனீங்க அண்ணி. ஊரு கேக்கப் பாடுனீங்க."

"தம்பி, நா அதுக்குச் சொல்லல..."

"வேற எதுக்கு? அந்த மரம் எங்கப்பா வச்சது. கல்லு ஒங்க பக்கம் வுழுந்துச்சு. நா ஒரு வார்த்த பேசுனனா? மூணு வருசமா அதுல ஒரு பிஞ்சு தொட்டனா? எங்கண்ணன எரிக்க ஒரு காஞ்ச கிளை, அதுக்குக் கூடவா பாத்தியத இல்ல எனக்கு?"

பெஞ்சின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கண்ணுசாமி, அந்தத் தெருவில் நல்லது கெட்டதை நடத்திவைப்பவர், துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பாகம் பேசுற நேரமா அம்சம் இது? பொணம் கெடக்குது. அப்புறம் ஒக்காந்து பேசிக்கலாம். பக்கிரி, நீ போய் வேலயப் பாரு."

"மாமா, பாகம் இல்ல மாமா, நா சொல்றதக் கேளுங்க..." அம்சம் சொல்லச் சொல்ல யாரும் காதில் வாங்கவில்லை. பூவிழி அவமானம் தாங்காமல் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கிரி கொல்லையில் போய்க் கத்துவது கேட்டது.

"வெட்டுடா காத்தான்! எவ என்னா சொன்னாலும் சரி, வெட்டு!"

முதல் வெட்டு விழுந்தது.

அம்சம் எழுந்தாள். "அடியே, தலமாட்ட வுட்டுட்டு எங்கடி போற?" என்று அஞ்சம்மா முந்தானையைப் பிடித்தாள். அது நழுவிப்போயிற்று. அவிழ்ந்த தலையும் தொங்கும் பூவுமாக அம்சம் கதவைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி ஓடினாள். மாமரத்தடியில் போய் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேலே காத்தான் கோடாரியை ஓங்கியவன் அப்படியே நிறுத்தினான்.

"எறங்குங்க அண்ண. எறங்குங்க."

ஆண்கள் கூடிவிட்டார்கள். பொம்பளைகள் கதவடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பக்கிரி ஏணிக்குக் கிட்டே வந்தான். "அண்ணி, அசிங்கப்படுத்தாதீங்க. உள்ள போங்க."

"மரத்த நீயே எடுத்துக்க தம்பி. மனையவும் எடுத்துக்க. எங்கிட்ட ஒண்ணுமே வேணாம். அந்தக் கிளையில குஞ்சு இருக்கு. ஒங்கண்ணன் பாத்துக்கிட்டுக் கெடந்தாரே, அதோட குஞ்சு."

யாரோ களுக்கென்று சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். பக்கிரி வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"காலையிலேருந்து வர்றவங்கள்ளாம் கேட்டீங்கள்ள, கடைசியா என்னா சொன்னாருன்னு? நா ஒண்ணும் சொல்லலன்னேன். பொய். சொன்னாரு. அவரால தலையத் திருப்ப முடியல. 'அம்சம், நீ ஜன்னல்ல நின்னு பாத்துச் சொல்லு'ன்னாரு. நின்னேன். மேஸ்திரி வந்துட்டாரு, தீனி குடுக்குறாருன்னேன். 'எத்தன தல தெரியுது?'ன்னாரு. ஒண்ணுன்னேன். 'இன்னொண்ணு எங்க?'ன்னாரு. அது வெளிய வரல. செத்துகித்துப் போச்சோன்னு எனக்கே பயமாப் போச்சு. இருங்க, பாக்குறேன்னேன். நின்னேன் தம்பி. அந்தப் பொந்தையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அப்பறம் அது தலைய நீட்டுச்சு. 'ரெண்டும் இருக்குய்யா'ன்னு சொல்லிக்கிட்டே திரும்புனேன்."

அவள் ஏணிப்படியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நா சொன்னது அவரு காதுல வுழுந்துச்சோ இல்லியோ. அவரு போறப்ப நா அவரப் பாக்கல. பறவையப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

தென்னையில் மேஸ்திரி மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது. ஏணியில் நின்ற காத்தான் கோடாரியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கிளையில் காதை வைத்தான். பிறகு ஒரு படி ஏறிப் பொந்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"இருக்குங்க. ரெண்டும் இருக்கு. உசுரோடதான் இருக்கு" என்றான்.

அப்போதுதான் அம்சத்துக்கு அழுகை வந்தது. ஏணியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தி அழுதாள். பூவிழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

பக்கிரி தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தான். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எப்புடிச் சொல்றது தம்பி?"

கண்ணுசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரிப்பா, ஆனது ஆச்சு. நேரம் போவுது. பாபநாசத்துக்கு ஆள அனுப்பிக் கடை விறகு ஒரு வண்டி..."

"எங்கண்ணனுக்குக் கடை விறகா?" பக்கிரி சீறினான். "எங்கொல்லையில பூவரசு நிக்கிதுல்ல?"

பூவரசு என்றதும் பொம்பளைகள் பக்கத்திலிருந்து பக்கிரியின் பொண்டாட்டி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். கட்டில் செய்யவேண்டும் என்று ஆறு வருஷமாக இலைகூட ஒடிக்கவிடாமல் அவர்கள் காத்து வைத்திருந்த மரம் அது. பக்கிரி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பச்சை மரம்டா. மெதுவாத்தான் வேவும்" என்றார் கண்ணுசாமி.

"வேவட்டும். வெறட்டியும் வைக்கலும் கூடப் போட்டு மூட்டுவோம். ராவெல்லாம் வேணும்னாலும் நா நிக்கிறேன்."

"அதுக்கில்லடா. அவன் கொல்லை மரமா இருக்கணுமேன்னு..."

"தம்பி மரம் அண்ணனுக்குச் சொந்தமில்லியா? எந்தக் கல்லு வந்து சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டுப் பக்கிரி வடக்கயிற்றோடு கல்லைத் தாண்டித் தன் கொல்லைக்குப் போய்விட்டான். காத்தான் மாமரத்திலிருந்து இறங்கினான். போட்ட ஒரே வெட்டு கிளையில் வெளுப்பாகத் தெரிந்தது.

அம்சத்தை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து மறுபடி தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். அஞ்சம்மா அவள் தலையிலிருந்து தொங்கிய பூவை எடுத்துச் சரியாகச் செருகிவிட்டாள். எல்லோருக்கும் காபி வந்தது. பூவிழி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ரெண்டும் இருக்காம்ப்பா" என்று ஒருதரம் சொன்னாள்.

பூவரசுக்கும் மாமரத்துக்கும் இருபதடிகூட இருக்காது. கோடாரிச் சத்தம் கூடத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பத்துப் பதினைந்து வெட்டு விழுந்திருக்கும். சட்டென்று நின்றுவிட்டது. அம்சம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் நிறுத்திட்டான்? சாயறதுக்குள்ள மணி நாலாயிடும் போலருக்கே" என்று கண்ணுசாமி எழுந்து கதவடியில் போய் எட்டிப் பார்த்தார். போனவர் அங்கேயே நின்றார்.

"என்னா தாத்தா?" என்றாள் பூவிழி.

அவர் திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் காட்டிப் பேசாதே என்றார். அம்சம் இருந்த இடத்திலிருந்தே எக்கிப் பார்த்தாள். காத்தான் பூவரசுக்கு முன்னால் கோடாரியைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். பக்கிரி அவன் தோளில் ஒரு கையை வைத்தபடி மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி தென்னையிலிருந்து கிளைக்கு வந்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பொந்தில் தலையை விட்டது. உள்ளே குஞ்சுகள் கிறீச்சிட்டன. பிறகு அது பறந்து போயிற்று. பக்கிரி தோளிலிருந்து கையை எடுத்தான்.

வெட்டுச் சத்தம் திரும்பவும் தொடங்கிற்று. கண்ணுசாமி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். வெளியே தெருவில் பாடை கட்டுகிறவர்கள் பச்சை மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோடாரி மறுபடி நின்றது. இந்தமுறை ஏன் என்று யாரும் கேட்கவில்லை.